பானை ஓட்டை ஆய்வகத்துக்கு அனுப்பும் முன்: கனிம, வேதிப் பகுப்பாய்வுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

அகழாய்வில் கிடைத்த பானை ஓடுகள் ஒரு பெட்டி நிறைய உங்கள் மேசைக்கு வந்துவிட்டன. "எக்ஸ்ஆர்டி எடுத்துவிடுங்கள், அப்படியே எக்ஸ்ஆர்எஃப்பும் பார்த்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு நெறியாளர் கிளம்பிவிட்டார். (எக்ஸ்ஆர்டி ஓட்டிலுள்ள கனிமங்களைக் காட்டும், எக்ஸ்ஆர்எஃப் தனிமங்களின் அளவைச் சொல்லும்.) அடுத்து என்ன செய்வது என்று விழிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கருவி எப்படி வேலை செய்கிறது என்று சொல்ல நிறையப் பாடநூல்கள் இருக்கின்றன. ஓட்டை எந்தப் பக்கம் வெட்டுவது, யாரிடம் என்ன கடிதம் வாங்குவது, பணம் கட்டும் முன் ஆய்வகத்திடம் எதைக் கேட்பது என்பதெல்லாம் அலைந்து திரிந்த பிறகே எனக்குத் தெரிந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முடிவு உருப்படியாக வருமா என்பது, ஓடு கருவிக்குள் போவதற்கு முன்பே பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது. அதனால்தான் கீழே முன்வேலைகளுக்கு இவ்வளவு இடம் கொடுத்திருக்கிறேன்.

1. கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

"மட்கலங்களின் கனிம, வேதிப் பண்புகள்" என்று எழுதினால் அது வெறும் தலைப்பு. கேள்வி இப்படி இருக்க வேண்டும்: "இந்த மெல்லிய சாம்பல்நிறக் கிண்ணங்களும், அதே மண்ணடுக்கில் கிடைத்த தடித்த சேமிப்புச் சாடிகளும் ஒரே களிமண்ணால் செய்தவையா?" இந்த அளவுக்குக் கூர்மையாக எழுதிவிட்டால் எத்தனை ஓடு, எந்தக் கருவி, எவ்வளவு செலவு என்பது தானாகப் பிடிபடும்.

பெரும்பாலான கேள்விகள் நான்கு வகைக்குள் அடங்கும். எங்கே செய்தது? எந்த மண், அதில் எதைக் கலந்தார்கள்? எவ்வளவு சூட்டில் சுட்டார்கள்? மேல்பூச்சும் வண்ணமும் எதனால் ஆனவை? நான்குக்கும் ஒரே கருவி பதில் சொல்லாது. ஒரே ஆய்வில் நான்கையும் கேட்டால் நான்குக்கும் அரைகுறைப் பதில்தான் வரும்.

"எங்கே செய்தது" என்ற கேள்வியில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. ஓட்டின் வேதிக் கலவை தன்னந்தனியாக எந்த ஊரையும் சுட்டாது. ஒப்பிட ஏதாவது இருந்தால்தான் பேசும். அந்த ஒப்பீட்டுக்கு மிக நல்லது, பழைய சூளையருகே கிடைக்கும் கழிவு ஓடுகள்: சுடும்போது கோணி, வெடித்து, உருகி, அங்கேயே தூக்கிப் போடப்பட்டவை. அவை வேறெங்கிருந்தும் வந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அவை இல்லையென்றால் அகழிடத்தைச் சுற்றியுள்ள களிமண்ணைச் சேகரித்து, சிறு வில்லைகளாகத் தட்டி, சுட்டு, அவற்றையும் ஓடுகளோடு சேர்த்து அளக்க வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் "இவை இரண்டு குழுக்களாகப் பிரிகின்றன" என்பது வரைதான் சொல்ல முடியும். ஆய்வு முன்மொழிவில் அதற்கு மேல் வாக்குக் கொடுக்காதீர்கள்.

2. பணம் செலவழிக்கும் முன் கண்ணால் பாருங்கள்

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், ஒரு குறடு, நல்ல வெளிச்சம். இவ்வளவு போதும். ஓட்டின் ஓரத்தில் குறடால் ஒரு துணுக்கை நறுக்கிப் புது முறிவை உண்டாக்குங்கள். பழைய முறிவில் மண்ணும் உப்பும் படிந்திருக்கும், ஒன்றும் தெரியாது. (நறுக்குவதற்கும் அனுமதி வேண்டும். அதைப் பற்றி நான்காவது படியில்.)

புது முறிவில் என்ன பார்க்கலாம்? இரு பக்கமும் சிவப்பு, நடுவில் கருப்பு என்றால், களிமண்ணில் இருந்த கரிமப் பொருள் முழுக்க எரியும் அளவுக்குச் சூடோ நேரமோ காற்றோ கிடைக்கவில்லை. நீளவாக்கில் வெற்றுத் துளைகள், சுவரில் வைக்கோல் கோடுகள் போன்ற பதிவு என்றால் தாவரப் பொருளைக் கலந்திருக்கிறார்கள், அது எரிந்து போய்விட்டது. மணிகள் உருண்டையாக இருந்தால் ஆற்று மணலோ காற்று அடித்துக் கொணர்ந்த மணலோ ஆகலாம். கூர்முனைகளோடு இருந்தால் கல்லை உடைத்துச் சேர்த்திருக்கலாம், அல்லது மூலப்பாறைக்கு மிக அருகிலேயே மண் எடுத்திருக்கலாம். மினுமினுத்தால் மைக்கா. வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால், நறுக்கிய துணுக்கின் மேல் மட்டும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் கால்சியம் கார்பனேட். கிளிஞ்சலா சுண்ணாம்புக்கல்லா என்பது நுண்ணோக்கியில் தெரியும்.

இப்படிப் பார்த்துப் பெட்டியிலுள்ள எல்லா ஓடுகளையும் குழுக்களாகப் பிரியுங்கள். பகுப்பாய்வுக்குப் போகும் மாதிரிகளை ஒவ்வொரு குழுவிலிருந்தும் எடுங்கள். எதிலும் சேராத ஒன்றிரண்டு வரும். அவற்றையும் சேருங்கள். அழகான ஓடுகளை மட்டும் பொறுக்கியெடுத்து அனுப்புவது இந்தத் துறையின் தீராத வியாதி. விளிம்பும் வண்ணமும் உள்ளவை போகும், அன்றாடப் புழக்கத்துப் பானைகள் பெட்டியிலேயே கிடக்கும். பிறகு "உள்ளூர்க் களிமண் எது" என்று ஒப்பிடக் கையில் ஒன்றும் இருக்காது. உள்ளூரில் செய்ததாக இருக்க அதிக வாய்ப்புள்ளவை அந்தச் சாதாரணப் பானைகள்தான்.

எத்தனை ஓடு? ஓடுகளின் வேதிக் குழுக்களைப் புள்ளியியல் முறையில் உறுதிசெய்ய வேண்டுமானால், ஒரு குழுவுக்கு இருபது முப்பது ஓடுகளாவது இல்லாமல் பேச்சு எடுபடாது. சுட்ட வெப்பநிலையை மட்டும் அறிய இவ்வளவு தேவையில்லை. குழுவுக்கு ஐந்தாறு ஓடு போதும்.

3. எது முதலில், எது பிறகு: வரிசையை மாற்றாதீர்கள்

ஓடு ஒன்றுதான். அதில் ஒரு ஆய்வு செய்தால் இன்னொன்று செய்ய முடியாமல் போகலாம். அதனால் மற்றவர்கள் இதே ஓடுகளில் என்ன செய்யப் போகிறார்கள் என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.

பானையில் ஊறிய கொழுப்பு எச்சங்களை யாராவது ஆராயப் போகிறார்கள் என்றால், அந்த ஓடுகளை வெறுங்கையால் தொடக் கூடாது, பிளாஸ்டிக் பையிலும் வைக்கக் கூடாது. அலுமினியத் தாளில் சுற்றி வைப்பதுதான் வழக்கம். தெர்மோலூமினசன்ஸ் முறையில் (ஓட்டுப் பொடியைச் சூடாக்கும்போது வெளிப்படும் ஒளியை அளந்து) காலம் கணிக்க வேண்டுமானால் அதற்கான மாதிரியை எல்லாவற்றுக்கும் முன்னால் எடுத்துவிடுங்கள். ஓட்டைச் சூடாக்கினாலும் வெளிச்சம் காட்டினாலும் கெடும். எக்ஸ்கதிர் படமோ சிடி ஸ்கேனோ எடுத்தாலும் ஓட்டில் சேர்ந்திருக்கும் கதிர்வீச்சு அளவு மாறிப்போகும். இது பலருக்குத் தெரிவதில்லை.

இன்னொன்று: சுத்தம் செய்தவர்கள் என்ன போட்டுக் கழுவினார்கள் என்று கேளுங்கள். ஓட்டின் மேல் படிந்த வெள்ளைப் படிவை நீக்க அமிலத்தில் ஊறப்போடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அமிலம் படிவை மட்டும் பார்த்துத் தின்னாது. உள்ளே இருக்கும் சுண்ணாம்பு மணிகளையும் சேர்த்தே கரைக்கும். ஓட்டைப் பலப்படுத்தப் பாரலாய்டு பி-72 போன்ற பசை தடவியிருக்கலாம், எண் எழுதும் இடத்தில் நகப்பூச்சும் மையும் இருக்கலாம். அந்தப் பகுதிகளைத் தவிர்த்து வெட்ட வேண்டும்.

4. ஆவணங்கள்

நாள்களை அதிகம் விழுங்குவது இந்தப் படிதான். அளவீடு சில வாரங்களில் முடிந்துவிடும். அனுமதி மாதக்கணக்கில் இழுக்கும். அதனால் கேள்வி எழுதிய அன்றே இதைத் தொடங்குங்கள்.

ஓடு யாருக்குச் சொந்தம் என்பதை முதலில் தெளிவாக்குங்கள். அகழாய்வு நடத்தியவருக்கு ஆய்வு செய்யும் உரிமை இருக்கலாம், ஓட்டின் உரிமை அரசுக்கோ அருங்காட்சியகத்துக்கோ இருக்கலாம். இரண்டு தரப்பிலிருந்தும் எழுத்தில் ஒப்புதல் வேண்டும். வாய்வார்த்தையாகக் கிடைத்த அனுமதி, அதிகாரி மாறியதும் காற்றோடு போய்விடும்.

விண்ணப்பத்தில் "சிதைக்கும் பகுப்பாய்வு" என்று வெளிப்படையாக எழுதுங்கள். சிலர் அந்தச் சொல்லுக்குப் பயந்து "அறிவியல் ஆய்வு" என்று மழுப்புவார்கள். பிற்பாடு வெட்டிய ஓட்டைப் பார்த்து யாராவது கேள்வி கேட்டால் கையில் பிடிமானம் இருக்காது. ஒவ்வொரு ஓட்டிலிருந்தும் எவ்வளவு எடுப்பீர்கள், எந்த இடத்திலிருந்து எடுப்பீர்கள், மிச்சத்தை எப்போது திருப்பித் தருவீர்கள் என்று மூன்று வரி சேர்த்தால், அனுமதி தருபவர்களுக்கும் கையெழுத்துப் போடத் தயக்கம் குறையும்.

இணைப்பாக ஓர் அட்டவணை கொடுங்கள். அதில் ஓட்டின் பதிவு எண், குழி எண், மண்ணடுக்கு, கலத்தின் எந்தப் பகுதி, எடை, தடிமன், மன்செல் அட்டைப்படி (நிறங்களைக் குறியீட்டோடு காட்டும் ஒப்பீட்டு அட்டை) நிறம், நீங்கள் பிரித்த குழு, புகைப்பட எண் எல்லாம் இருக்க வேண்டும். இதே அட்டவணைதான் பிறகு ஆய்வகத்துக்கும் போகும், கட்டுரையின் பின்னிணைப்புக்கும் போகும். ஒருமுறை ஒழுங்காகச் செய்துவிட்டால் மூன்று இடத்தில் உதவும். வெட்டும் முன் ஒவ்வொரு ஓட்டையும் அளவுகோலோடு வைத்து இரு பக்கமும் படம் எடுத்துவிடுங்கள். விளிம்புத் துண்டாக இருந்தால் வரைபடமும் போட்டுவிடுங்கள்.

ஓடு நாட்டு எல்லையைத் தாண்டிப் போகுமானால் விஷயம் தனி. தொல்பொருள் ஏற்றுமதிக்குப் பல நாடுகளில் கடும் சட்டம் உண்டு. பண்பாட்டுச் சொத்துகளின் கள்ளக் கடத்தலைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை 1970-இலிருந்து இருக்கிறது. ஒரு சிறு துணுக்கு என்றாலும் ஏற்றுமதி அனுமதிக் கடிதம் இல்லாமல் அஞ்சலில் போடாதீர்கள். பெட்டிக்குள் அனுமதி நகல், மாதிரிப் பட்டியல், "ஆய்வுக்கு மட்டும், வணிக மதிப்பு இல்லை" என்ற அறிவிப்பு மூன்றும் இருக்க வேண்டும். ஒப்பீட்டுக்காகச் சுடாத களிமண்ணும் அனுப்புகிறீர்களா? மண்ணுக்குத் தாவர நோய்த்தடுப்புச் சட்டப்படி தனி இறக்குமதி அனுமதி கேட்கும் நாடுகள் உண்டு. அந்த அனுமதி இருக்கிறதா என்று போய்ச் சேரும் ஆய்வகத்தையே கேளுங்கள். களிமண்ணைச் சுட்டு வில்லையாக அனுப்ப முடியுமா என்றும் சேர்த்தே விசாரியுங்கள்.

5. எந்தக் கருவி எதற்கு

முதலில் தின் செக்‌ஷன். என்னிடம் ஒரே ஒரு ஆய்வுக்குத்தான் பணம் இருக்கிறது என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். ஓட்டிலிருந்து ஒரு சீவலை வெட்டி, பிசின் ஏற்றிக் கெட்டியாக்கி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, 30 மைக்ரோமீட்டர் தடிமன் வரும்வரை தேய்ப்பார்கள். அந்தத் தடிமனில் ஒளி ஊடுருவும். ஒளிமுனைவு நுண்ணோக்கியில் வைத்து மேடையைச் சுழற்றினால் ஒவ்வொரு கனிமமும் தன் நிறத்தைக் காட்டும். குவார்ட்ஸ் சாம்பலும் வெள்ளையுமாகத் தெரிய வேண்டும். மஞ்சளடித்தால் தகடு தடிமனாக இருக்கிறது, திருப்பிக் கொடுத்து இன்னும் தேய்க்கச் சொல்லுங்கள். எந்தப் பாறை உடைந்து இந்த மணல் வந்தது, பழைய பானையை இடித்துக் கலந்தார்களா, களிமண்ணைச் சலித்தார்களா, இரண்டு மண்ணைச் சேர்த்துப் பிசைந்தார்களா என்பதெல்லாம் இதில்தான் தெரியும். எந்த வேதி எண்ணும் இதைச் சொல்லாது. செலவும் குறைவு. ஆனால் பார்க்கத் தெரிந்த கண் வேண்டும். பாறையியல் தெரிந்த ஒருவரை முதல் நாளே கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்ஆர்டி, அதாவது எக்ஸ்கதிர் விளிம்பு விளைவு. ஓட்டைப் பொடியாக்கி வைத்தால் அதில் என்னென்ன படிகக் கனிமங்கள் இருக்கின்றன என்று ஒரு வரைபடத்தில் உச்சிகளாகக் காட்டும். தாமிரக் குழாய் உள்ள கருவியில் குவார்ட்ஸின் பெரிய உச்சி இரு தீட்டா (வரைபடத்தின் கிடை அச்சிலுள்ள கோணம்) 26.6 டிகிரியில் எழும். எந்த ஓட்டிலும் முதலில் கண்ணில் படுவது அதுதான். சுட்ட வெப்பநிலையை ஊகிக்க இது நல்ல கருவி. கயோலினைட்டின் கட்டமைப்பு 550 டிகிரி செல்சியஸை ஒட்டிக் குலைந்துவிடும். கால்சைட் சுமார் 700-க்கும் 850-க்கும் இடையில் சிதையும். இல்லைட் 900-ஐத் தாண்டியும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். சுண்ணாம்பு மிகுந்த களிமண்ணில் 850-ஐ ஒட்டி கெலனைட், டையாப்சைடு போன்ற புதுக் கனிமங்கள் பிறக்கும். முல்லைட் தெரிந்தால் 1000-ஐ ஒட்டியோ தாண்டியோ போயிருக்கிறார்கள். எது இருக்கிறது, எது இல்லை என்று பார்த்து மேல் எல்லையும் கீழ் எல்லையும் போடலாம். ஆனால் "இந்தப் பானை 823 டிகிரியில் சுடப்பட்டது" என்று எழுதிவிடாதீர்கள். எவ்வளவு நேரம் சூடு பட்டது, காற்று இருந்ததா, மணி எவ்வளவு பொடி என்பதெல்லாம் இந்த எண்களை நகர்த்தும்.

எக்ஸ்ஆர்டியில் புதியவர்கள் அதிகம் விழும் குழி கால்சைட். உச்சி தெரிந்தவுடன் "700-க்குக் கீழேதான் சுட்டிருக்கிறார்கள்" என்று எழுதிவிடுவார்கள். ஓடு நூற்றாண்டுக் கணக்கில் மண்ணுக்குள் கிடந்திருக்கிறது. நிலத்தடி நீர் கொண்டுவந்த சுண்ணாம்பு, ஓட்டின் துளைகளில் புதிதாகப் படிந்திருக்கலாம். பொடியாக்கியபின் இரண்டும் ஒரே உச்சிதான். தின் செக்‌ஷனில் பார்த்தால் குட்டு உடைந்துவிடும்: துளையின் உள்சுவரைச் சுற்றி மெல்லிய விளிம்பாகக் கால்சைட் ஒட்டியிருந்தால் அது புதைந்தபின் வந்தது. களிமண்ணுக்குள் பதிந்த தனி மணியாக, ஓரம் சிதையாமல் இருந்தால் அது பானை செய்தவர் கையிலேயே இருந்தது. இந்த ஒரு காரணத்துக்காகவே எக்ஸ்ஆர்டியைத் தனியாக அனுப்பாதீர்கள் என்பேன்.

எக்ஸ்ஆர்எஃப். இது தனிமங்களின் அளவைச் சொல்லும். பொடியை லித்தியம் போரேட்டுடன் உருக்கிக் கண்ணாடி வில்லையாக்கி அளந்தால் சிலிக்கா, அலுமினா, இரும்பு, சுண்ணாம்பு போன்ற முக்கிய ஆக்சைடுகள் நம்பகமாக வரும். வில்லைக்கு ஒரு கிராம் அளவு பொடி போதும். பொடியை அப்படியே அழுத்தி வில்லையாக்கும் முறைக்கு நான்கைந்து கிராம் கேட்பார்கள்.

கையில் பிடித்து அளக்கும் எக்ஸ்ஆர்எஃப் கருவியைப் பற்றி எல்லோரும் ஆசையாகக் கேட்கிறார்கள். வெட்ட வேண்டாம், அருங்காட்சியகத்துக்கே கொண்டுபோகலாம், ஒரு நிமிடத்தில் எண் வரும். எல்லாம் சரிதான். ஆனால் அது மேற்பரப்பைத்தான் பார்க்கிறது. மேல்பூச்சு, படிந்த மண், ஒரு பெரிய குவார்ட்ஸ் மணி, எது முன்னால் இருக்கிறதோ அதன் எண்தான் வரும். சோடியத்தைத் தொடவே தொடாது, மெக்னீசியத்தில் தடுமாறும். புது முறிவில் பல இடங்களில் வைத்துச் சராசரி எடுத்தால் ஓடுகளை முதற்கட்டமாகப் பிரிக்க உதவும். கருவியோடு வரும் "மண்" அளவுத்திருத்தத்தை நம்பி அந்த எண்களை வேறொரு ஆய்வகத்தின் எண்களோடு நேரடியாக ஒப்பிடுவது வீண்வேலை.

தோற்ற இடம் தேடுபவர்களுக்கு அரிய தனிமங்கள், அதாவது மிகச் சிறு அளவில் மட்டும் இருப்பவை, வேண்டும். அதற்கு இரண்டு வழி. ஐசிபி-எம்எஸ் (பிளாஸ்மா நிறை நிறமாலைமானி) முறையில் பொடியை அமிலத்தில் கரைத்து அளப்பார்கள், நூறு மில்லிகிராம் போதும். சிர்கான் போன்ற கனிமங்கள் அமிலத்தில் முழுதாகக் கரையாததால் சிர்கோனியமும் ஹாஃப்னியமும் குறைவாகக் காட்டும். "அமிலக் கரைப்பா, போரேட் உருக்கலா" என்று கேட்டுக்கொள்ளுங்கள். கரைப்புக்கு ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் தேவை. அது தோலில் பட்டால் எலும்புவரை போகும். பயிற்சியும் கால்சியம் குளுக்கோனேட் களிம்பும் பக்கத்தில் ஆளும் இல்லாமல் அந்த அறைக்குள் போகாதீர்கள்.

இன்னொன்று நியூட்ரான் செயலூட்டப் பகுப்பாய்வு: பொடியை நியூட்ரான்களால் தாக்கி, அது வெளிவிடும் காமா கதிர்களை எண்ணுவார்கள். அணு உலை வேண்டும், ஆனால் கரைக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் மிசூரி பல்கலைக்கழக உலையில் பானை ஓடுகளுக்கு 33 தனிமங்களை அளக்கும் நடைமுறை நெடுங்காலமாக இருக்கிறது. 5 விநாடி கதிர்வீச்சு ஒருமுறை, 24 மணி நேரக் கதிர்வீச்சு ஒருமுறை. பிறகு ஏழு நாள் ஆறவிட்டு ஓர் எண்ணிக்கை, மேலும் மூன்று வாரம் ஆறவிட்டு இன்னொரு எண்ணிக்கை. "ஏன் இவ்வளவு தாமதம்" என்று ஆய்வகத்துக்கு மின்னஞ்சல் போடுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். தனிமங்கள் சிதையும் வேகத்தை யாரும் அவசரப்படுத்த முடியாது. கதிரியக்கம் ஏறிய பொடி திரும்பி வராது. ஈயம் வேண்டும் என்பவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம், இந்த முறையில் அது வராது.

மேல்பூச்சு, வண்ணம், களிமண் எவ்வளவு கண்ணாடியாக இளகியது என்ற கேள்விகளுக்கு எஸ்இஎம்-இடிஎஸ் (தனிமங்களையும் காட்டும் எலக்ட்ரான் நுண்ணோக்கி). சில மில்லிகிராம் பொடியே உள்ளது என்றால் எஃப்டிஐஆர் (அகச்சிவப்பு நிறமாலை முறை). அவற்றைப் பற்றி இங்கே விரிக்கவில்லை.

6. வெட்டுதல், பொடித்தல்

தின் செக்‌ஷனுக்குச் சுவருக்குக் குறுக்காக, கலத்தின் வாயிலிருந்து அடிநோக்கிச் செல்லும் திசையில் வெட்டுங்கள். அப்படி வெட்டினால்தான் துளைகளும் மணிகளும் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன, களிமண் சுருள்கள் எங்கே இணைந்தன என்பது தெரியும். மேல்திசையைக் காட்டும் அம்புக்குறியைப் பென்சிலால் போட்டு அனுப்புங்கள். இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளம் போதும். உலர்வாக அறுத்தால் பறக்கும் குவார்ட்ஸ் தூசு நுரையீரலுக்கு ஆகாது. தண்ணீர் ஊற்றி அறுங்கள், முகக்கவசம் போடுங்கள்.

வேதிப் பகுப்பாய்வுக்கான துண்டிலிருந்து வெளிப்பரப்பை ஒரு மில்லிமீட்டராவது சுரண்டி நீக்குங்கள். அதற்கு எதைப் பயன்படுத்துகிறீர்கள் என்பது முக்கியம். டங்ஸ்டன் கார்பைடு முனை பட்ட இடத்தில் டங்ஸ்டனும் கோபால்ட்டும் ஏறிவிடும். அதைத்தான் பயன்படுத்தியாக வேண்டுமென்றால் அந்தத் தனிமங்களைக் கணக்கிலிருந்து விலக்குங்கள், விலக்கியதை எழுதியும் வையுங்கள். பிறகு அயனி நீக்கிய நீரில் கழுவி, உலர்த்தி, அகேட் என்ற கடினக் கல்லாலான உரலில் பொடியுங்கள். ஒவ்வொரு ஓட்டுக்கும் நடுவே சுத்தமான குவார்ட்ஸை அரைத்துக் கொட்டி உரலைக் கழுவுங்கள். சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் முந்தைய ஓட்டின் பொடி அடுத்த ஓட்டில் கலந்தால் பிறகு எந்தப் புள்ளியியலும் பிரித்துத் தராது.

கரடுமுரடான பானையில் சிறு துணுக்கை மட்டும் எடுத்துப் பொடித்தால், ஒரு பெரிய மணி உள்ளே வந்ததா இல்லையா என்பதைப் பொறுத்து எண் ஆடும். மணி பெரிதாகப் பெரிதாக, எடுக்கும் துண்டும் பெரிதாக வேண்டும்.

7. பணம் கட்டும் முன் ஆய்வகத்திடம் கேளுங்கள்

விலைப்பட்டியலில் இருப்பது அளவீட்டுக் கட்டணம் மட்டும். அதற்கு மேல் என்னென்ன ஏறும் என்று கணக்குப் போடுங்கள்: வெட்டுக்கூலி, பொடிக்கும் கூலி, உருக்கிய வில்லைக்குத் தனிக் கட்டணம், அஞ்சல், காப்பீடு, வரி, மாதிரியைத் திருப்பி அனுப்பும் செலவு. இவற்றோடு, நீங்கள் அனுப்பும் ஓடுகளின் எண்ணிக்கையில் பத்தில் ஒரு பங்கையாவது மறு அளவீட்டுக்கு ஒதுக்குங்கள். வேறு பெயர் எழுதி அதே பொடியை இரண்டாம்முறை அனுப்பினால், ஆய்வகத்தின் துல்லியம் எவ்வளவு என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். கல்வி நிறுவனங்களுக்குச் சலுகைக் கட்டணம் இருக்கிறதா என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். பல இடங்களில் உண்டு, கேட்டால்தான் சொல்வார்கள்.

செலவு வரிசையைத் தோராயமாகச் சொன்னால், தின் செக்‌ஷனும் எக்ஸ்ஆர்டியும் கீழே, எக்ஸ்ஆர்எஃப் நடுவில், ஐசிபி-எம்எஸ் மேலே. உலையில் செய்வது, மானியம் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து எங்கே வேண்டுமானாலும் போகும். எல்லா ஓட்டுக்கும் தின் செக்‌ஷன், அதில் பிரிந்த குழுக்களிலிருந்து பாதிக்கு எக்ஸ்ஆர்எஃப், கேள்வி உண்மையிலேயே கேட்டால் மட்டும் அரிய தனிமங்கள் என்று படிப்படியாக ஏறினால் பணம் வீணாகாது.

கட்டணம் செலுத்தும் முன் இவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். எந்தச் சான்றுப் பொருளை (கலவை ஏற்கெனவே உறுதியாகத் தெரிந்த பொருள்) என் மாதிரிகளோடு சேர்த்து அளப்பீர்கள்? (அமெரிக்கத் தரநிலை நிறுவனமான என்ஐஎஸ்டி வெளியிட்ட செங்கல் களிமண், எஸ்ஆர்எம் 679, பானை ஓட்டுக்குப் பொருத்தமானது.) சான்றுப் பொருளுக்கு வந்த எண்களையும் எனக்குத் தருவீர்களா? ஒவ்வொரு தனிமத்துக்கும் கண்டறியும் எல்லை என்ன? எக்ஸ்ஆர்டியில் கருவியின் மூலக் கோப்பு கிடைக்குமா? மிச்சப் பொடி திரும்புமா?

மூலக் கோப்பு விஷயத்தில் நான் பட்டது போதும். ஒரு ஆய்வகம் எனக்குக் கொடுத்தது, உச்சிகளுக்கு மேல் கனிமப் பெயர் ஒட்டிய வெறும் படம். ஒரு பெயர் பொருந்தவில்லை என்று சந்தேகம் வந்தபோது சரிபார்க்க வழியே இல்லை. பழைய கோப்பு அழிந்துவிட்டது என்றார்கள். மறுபடியும் பணம் கட்ட வேண்டியதாயிற்று.

காலத்தைப் பொறுத்தவரை, எக்ஸ்ஆர்டி ஓட்டம் ஒரு மாதிரிக்கு அரை மணியிலிருந்து சில மணி நேரம். தின் செக்‌ஷனில் பிசின் இறுகவே ஒரு நாள் ஆகும், தொகுதியாகச் செய்வதால் வாரங்கள் போகும். ஆய்வேட்டுக் காலக்கெடு இருப்பவர்கள், அனுமதி கையில் கிடைத்த நாளிலிருந்து எண்கள் கைக்கு வர அரையாண்டு என்று வைத்துக்கொண்டு திட்டமிடுவது நல்லது.

8. எண்கள் வந்தபின்

முதலில் கூட்டிப் பாருங்கள். முக்கிய ஆக்சைடுகளும் எரிப்பிழப்பும் (பொடியைச் சுட்டால் குறையும் எடை) சேர்ந்து, சதவீதத்தில் 98-க்கும் 101-க்கும் இடையில் வந்தால் நிம்மதி. எல்லா ஓட்டுக்கும் அச்சடித்தாற்போல 100.00 என்று வந்தால் யாரோ இழுத்துச் சமப்படுத்தியிருக்கிறார்கள். சமப்படுத்தாத எண்களைக் கேட்டு வாங்குங்கள். எரிப்பிழப்பை அளந்தார்களா என்றும் பாருங்கள்.

அடுத்து, புதைந்த காலத்தில் மாறக்கூடிய தனிமங்களைச் சந்தேகத்தோடு பாருங்கள். பாஸ்பரஸ், கால்சியம், பேரியம், மாங்கனீசு நான்கும் மண்ணிலிருந்து ஓட்டுக்குள் ஏறும். பாஸ்பரஸ் அதிகம் என்று பார்த்து "இறைச்சி வைத்த பானை" என்று முடிவுகட்டிய கட்டுரைகளைப் படித்திருக்கிறேன். பக்கத்து மண்ணையும் அளந்திருந்தால் அந்த உற்சாகம் அடங்கியிருக்கும்.

குழு பிரிக்கும்போது மணல் செய்யும் மாயத்தைக் கவனியுங்கள். ஒரே களிமண்ணில் ஒருவர் கொஞ்சம் குவார்ட்ஸ் மணலும் இன்னொருவர் நிறைய மணலும் கலந்தால், இரண்டாமவர் பானையில் சிலிக்கா ஏறி, மற்ற எல்லாத் தனிமமும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் குறையும். கணினி இவற்றை இரண்டு குழுவாகப் பிரித்துக் காட்டும். எண்களை அலுமினியத்துக்கோ ஸ்காண்டியத்துக்கோ விகிதமாக்கிப் பாருங்கள். வேறுபாடு மறைந்தால் மண் ஒன்று, பக்குவம்தான் வேறு. தின் செக்‌ஷனில் மணலின் அளவை ஏற்கெனவே பார்த்திருந்தால் இது திடுக்கென்று இருக்காது.

இரும்பு சதவீதக் கணக்கில் இருக்கும், யூரோப்பியம் மில்லியனில் ஒன்றிரண்டு பங்கு. இரண்டையும் அப்படியே போட்டால் பெரியது சிறியதை விழுங்கும். மடக்கை எடுத்துவிட்டு முதன்மைக் கூறு பகுப்பாய்வு (பல தனிமங்களின் வேறுபாட்டை ஒருசில அச்சுகளில் சுருக்கிக் காட்டும் புள்ளியியல் முறை) செய்யுங்கள். மகாலனோபிஸ் தொலைவால் (குழுவின் நடுவிலிருந்து ஓர் ஓடு எவ்வளவு விலகியிருக்கிறது என்ற புள்ளியியல் அளவு) ஓர் ஓடு குழுவைச் சேர்ந்ததா என்று சோதிக்க வேண்டுமானால், குழுவிலுள்ள ஓடுகளின் எண்ணிக்கை தனிமங்களின் எண்ணிக்கையைவிட அதிகமாக இருந்தே ஆக வேண்டும். பன்னிரண்டு ஓட்டையும் முப்பது தனிமத்தையும் வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது.

9. மிச்சத்தை என்ன செய்வது

வெட்டிய ஓட்டை, வெட்டு எங்கே என்று காட்டும் படத்தோடு உரியவரிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குங்கள். தின் செக்‌ஷன் தகடுகள் யாரிடம் இருக்கும் என்பதை அனுமதிக் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் விட்டால் பிறகு அதற்குத்தான் சண்டை வரும். மிச்சப் பொடியை மூடி இறுக்கமான கண்ணாடிக் குப்பியில், ஓட்டின் பதிவு எண்ணை வெளியில் ஒட்டியும், உள்ளே பென்சிலால் எழுதிய சீட்டாகப் போட்டும் வையுங்கள். மை மங்கும், ஒட்டுத்தாள் உதிரும். கட்டுரையில் சராசரியை மட்டும் போடாமல் ஒவ்வொரு ஓட்டின் எண்களையும், சான்றுப் பொருளின் எண்களையும் பின்னிணைப்பாகக் கொடுங்கள். பக்கத்து அகழிடத்தில் தோண்டுபவர் நாளை தன் ஓடுகளை ஒப்பிட அந்த அட்டவணையைத்தான் தேடுவார்.